அத்தியாயம் 7: காரணத்தைக் கண்ணால் காட்டுவது

வடகிழக்குப் பருவமழை வலுக்கும் ஒவ்வொரு ஆண்டும் தென் சென்னையிலிருந்து ஒரே காட்சி வருகிறது. முழங்கால் அளவு தண்ணீரில் செய்தியாளர் நிற்கிறார். பின்னால் ஒரு ரப்பர் படகு போகிறது. ‘மக்கள் கடும் அவதி’ என்று திரையின் அடியில் எழுத்து ஓடுகிறது. அந்தக் காட்சி வேண்டும்தான். அதைப் பார்த்துத்தான் உதவி வருகிறது. ஆனால் வேளச்சேரியில் குடியிருப்பவருக்குத் தன் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த செய்தியை நாம் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. மழை விட்டு இரண்டு நாளாகியும் அது ஏன் போகவில்லை என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். அந்த ‘ஏன்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்வது விளக்கக் காணொளியின் வேலை.

இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே எடுத்துக்காட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடப்போம்: வேளச்சேரியை ஒட்டியுள்ள பள்ளிக்கரணை சதுப்பு நிலம். கேள்வியைத் தேர்வதில் தொடங்கி வெளியிடுவது வரை ஒவ்வொரு படியிலும் ஒரு விதி நம்மோடு வரும். அதை உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்:

காரணச் சங்கிலியில் நம்மால் காட்ட முடியாத கண்ணி, நமக்கே இன்னும் புரியாத கண்ணி.

1. பொருளைக் கேள்வியாக மாற்றுங்கள்

‘பள்ளிக்கரணை சதுப்பு நிலம்’ என்பது பொருள். அதை வைத்துப் பத்து மணி நேரம் பேசலாம்: பறவைகள், குப்பைக் கிடங்கு, ஆக்கிரமிப்பு, நீதிமன்ற வழக்குகள், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்று 2022-இல் கிடைத்த ராம்சார் தகுதி. அத்தனையையும் எட்டு நிமிடத்தில் திணித்தால் பார்ப்பவருக்கு ஒன்றும் மிஞ்சாது.

‘மழை நின்ற பிறகும் வேளச்சேரியில் தண்ணீர் ஏன் நாள்கணக்கில் நிற்கிறது?’ என்பது கேள்வி. இதற்கு எல்லை உண்டு, முடிவு உண்டு. எதைச் சேர்க்கலாம், எதை விடலாம் என்பதையும் இதுவே தீர்த்துவிடும். பூநாரை அழகான பறவை. ஆனால் அது இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. அந்தக் காட்சியை வேறொரு காணொளிக்கு எடுத்து வையுங்கள்.

நல்ல கேள்வியை அறிய ஒரு சோதனை உண்டு. தெருமுனை டீக்கடையில் நிற்கும் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். ‘ஆமாங்க, ஏன்?’ என்று அவர் திருப்பிக் கேட்டால் கேள்வி பிழைத்தது. ‘அதான் எல்லாருக்கும் தெரியுமே, ஏரியை வித்துட்டாங்க’ என்று சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். அவருக்குத் தெரிந்தது பாதிப் பதில். மீதிப் பாதியில்தான் உங்கள் காணொளி இருக்கிறது.

2. சங்கிலியை ஒரே தாளில் எழுதுங்கள்

கேமராவைத் தொடுவதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். மழைத்துளி விழும் இடத்தை இடது ஓரத்திலும் கடலை வலது ஓரத்திலும் குறியுங்கள். நடுவில் அந்தத் துளி போகும் வழியை ஒவ்வொரு கண்ணியாக எழுதுங்கள்.

முதல் கண்ணி, மேட்டுப்பகுதி ஏரிகள். கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் தண்ணீர் நாராயணபுரம் ஏரிக்கு வரும். இப்படி ஒன்றோடொன்று கோத்த ஏரிகளின் உபரி நீர் கலங்கல் வழியாக இறங்கி வருகிறது.

இரண்டாவது, சதுப்பு நிலம். சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழைக்கு இதுதான் தட்டு. தண்ணீர் இங்கே பரவி, தங்கி, மெல்ல நகரும்.

மூன்றாவது, ஒக்கியம் மடுவு. அவ்வளவு பெரிய தட்டிலிருந்து தண்ணீர் வெளியேறும் முக்கிய வாய் இது. பழைய மகாபலிபுரம் சாலை இதன் மேல் பாலமாகக் கடக்கிறது.

நான்காவது, பக்கிங்காம் கால்வாய். மடுவிலிருந்து வரும் நீர் இதில் சேர்ந்து தெற்கே திரும்புகிறது.

ஐந்தாவது, முட்டுக்காடு முகத்துவாரம். இங்கேதான் தண்ணீர் கடலைத் தொடுகிறது. மணல் திட்டு வாயை அடைத்திருந்தால் வெளியேற்றம் குறையும்.

ஆறாவது, கடல். ஓதம் ஏறியிருக்கும் நேரத்தில் கடல் உள்நாட்டுத் தண்ணீரை எளிதில் வாங்கிக்கொள்ளாது.

இப்போது ஒவ்வொரு கண்ணிக்கும் கீழே இரண்டு கேள்விகளை எழுதுங்கள். இது முன்பு எப்படி இருந்தது? இப்போது எப்படி இருக்கிறது? முதல் கண்ணியில் ஏரிகள் சுருங்கி, வரத்துக்கால்வாய்கள் தெருவாகியிருக்கின்றன. இரண்டாவதில் பல்லாவரம்–துரைப்பாக்கம் 200 அடிச் சாலை சதுப்பைக் குறுக்கே வெட்டிப் போகிறது. பெருங்குடிக் குப்பைக் கிடங்கு அதன் ஒரு பகுதியை மூடியிருக்கிறது. குடியிருப்புகள், அலுவலக வளாகங்கள், ஆய்வு நிறுவனங்கள் எல்லாம் விளிம்பை விழுங்கியிருக்கின்றன. தட்டு சிறுத்துவிட்டது, வாயோ குறுகலானது. இதைத் தாளில் பார்த்ததும் உங்களுக்கே பதில் பிடிபடத் தொடங்கும்.

எந்தக் கண்ணியில் பேனா தயங்குகிறதோ அங்கே ஒரு வட்டம் போடுங்கள். நீங்கள் முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.

ஒரு எச்சரிக்கை. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிப் பேசும்போது செம்பரம்பாக்கம் மதகு திறக்கும் காட்சியை எடுத்து வேளச்சேரிக் காட்சியோடு ஒட்டுவது நம் ஊடகங்களில் சாதாரணம். செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அடையாற்றில் போவது. பள்ளிக்கரணையின் நீர் ஒக்கியம் மடுவு வழியாகப் போவது. இரண்டும் வேறு வடிநிலம். சங்கிலியைத் தாளில் எழுதியவர் இந்தத் தவற்றைச் செய்ய மாட்டார்.

3. ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சான்று

*செயற்கைக்கோள் படங்கள்.* கூகுள் எர்த் செயலியின் கணினிப் பதிப்பில் பழைய படங்களை ஆண்டுவாரியாக நகர்த்திப் பார்க்கும் வசதி இருக்கிறது. லேண்ட்சாட் வரிசைச் செயற்கைக்கோள்கள் 1972 முதல் பூமியைப் படமெடுத்து வருகின்றன. அந்தப் படங்கள் 2008 முதல் இலவசம். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-2 படங்கள் 2015 முதல் கிடைக்கின்றன. அவற்றில் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். எனவே சாலையும் குளமும் தெரியும், வீட்டுக் கூரை தெளிவாகத் தெரியாது. இஸ்ரோவின் புவன் தளத்தையும் பழகிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மேகம் மறைத்தால் சென்டினல்-1 ரேடார் படங்களைத் தேடுங்கள். ரேடார் மேகத்தை ஊடுருவும். அசையாத தண்ணீர் அதில் கருப்பாகத் தெரியும்.

இந்த இடத்தில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். என் ஆரம்பக் காணொளி ஒன்றில் ஏரி சுருங்கியதைக் காட்ட இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பழைய படம் ஜனவரி மாதத்தது, புதியது ஜூன் மாதத்தது. ஜனவரியில் ஏரி நிரம்பியிருக்கும், ஜூனில் வற்றியிருக்கும். ஆக்கிரமிப்பே இல்லாத ஏரியும் அப்படித்தான் தெரியும். ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஒருவர் அதைச் சுட்டிக்காட்டிய பிறகு காணொளியை இறக்கிவிட்டுத் திருத்தி வெளியிட்டேன். அன்று முதல் ஒரே மாதம், ஒத்த மழை பெய்த ஆண்டு, ஒரே அளவுகோல் என்று மூன்றும் பொருந்தாமல் இரண்டு படங்களை நான் ஒப்பிடுவதில்லை. நீங்களும் ஒப்பிடாதீர்கள்.

*ஆவணங்கள்.* இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடங்களில் சதுப்பு எதுவரை இருந்தது என்று பார்க்கலாம். கிராம வரைபடமும் ‘அ’ பதிவேடும் நிலத்தின் வகைப்பாட்டைச் சொல்லும். இந்தப் பகுதியின் பழைய பெயர் கழுவெளி. சதுப்புக்கென்று தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருந்திருக்கிறது, அந்த நிலத்துக்கு ஒரு வேலையும் இருந்திருக்கிறது என்பதற்கு அந்தப் பெயரே சான்று. ‘புறம்போக்கு’ என்ற சொல்லும் அப்படித்தான். ஊருக்குப் பொதுவான நிலம் என்று பொருள்பட்டது வசைச்சொல்லாகிவிட்டது. 2017-இல் டி.எம். கிருஷ்ணா பாடி வெளிவந்த ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ எண்ணூர்க் கழிமுகத்தில் படமாக்கப்பட்டு அந்தச் சொல்லுக்கு மரியாதையை மீட்டுத் தர முயன்றது. நிலத்தின் பெயரையே ஒரு காட்சியாக்கலாம் என்பதற்கு அது நல்ல பாடம்.

*தகவல் உரிமைச் சட்டம்.* 2005-ஆம் ஆண்டுச் சட்டம் இது. 10 ரூபாய்க் கட்டணம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ‘சதுப்பு நிலம் பற்றிய எல்லா விவரமும் தருக’ என்று எழுதினால் ஒன்றும் வராது. ‘இந்த ஆண்டு, இந்த மாதத்தில், ஒக்கியம் மடுவில் தூர்வாரப்பட்ட நீளம், ஆழம், செலவு ஆகியவற்றைக் காட்டும் அளவுப் புத்தகத்தின் நகல்’ என்று கேளுங்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பவருக்குத்தான் ஆவணம் கிடைக்கும்.

*பரப்பளவு என்ற பொறி.* பள்ளிக்கரணைக்குப் பல பரப்பளவுகள் புழங்குகின்றன. 2007-இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது 317 ஹெக்டேர். ராம்சார் பட்டியலில் உள்ளது சுமார் 1,248 ஹெக்டேர். பழைய சதுப்பின் பரப்பு என்று சொல்லப்படுவது இவற்றைவிடப் பல மடங்கு. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு எல்லைக்கோடு இருக்கிறது. எந்தக் கோட்டுக்குள் அளந்தது என்று சொல்லாமல் எண்ணை மட்டும் திரையில் போட்டால் பார்ப்பவரை ஏமாற்றியதாகும்.

4. எண்ணைக் கண்முன் நிறுத்துங்கள்

2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. இது எல்லாரும் கேட்ட எண், யாருக்கும் தெரியாத அளவு. அதைப் பார்ப்பவரின் வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

அடிப்படைக் கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 600 சதுர அடி மொட்டை மாடி சுமார் 56 சதுர மீட்டர். அதில் 490 மில்லிமீட்டர் மழை என்றால் ஏறக்குறைய 27,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இரண்டு நிரம்பி மேலும் மிஞ்சும். கோடையில் ஒரு லாரி தண்ணீருக்குக் காத்திருந்த அதே வீட்டு மாடியில் இரண்டு லாரித் தண்ணீர் ஒரே நாளில் விழுந்திருக்கிறது. இதைச் சொல்லும்போது திரையில் மாடியும் லாரியும் வரட்டும்.

அடுத்து வடிநிலத்துக்குப் போங்கள். 250 சதுர கிலோமீட்டரில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 2,500 கோடி லிட்டர், அதாவது கிட்டத்தட்ட 0.9 டி.எம்.சி. இதில் ஒரு பகுதி மண்ணில் இறங்கும், ஒரு பகுதி ஏரிகளில் தங்கும், மீதிதான் ஓடிவரும். அந்த வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். விட்டால் கணக்கு மிகையாகும். ஆனால் அதற்குள்தான் கதையும் இருக்கிறது. மண் கான்கிரீட்டானால் இறங்கும் பங்கு குறைகிறது, ஏரி சுருங்கினால் தங்கும் பங்கு குறைகிறது, ஓடிவரும் பங்கு கூடுகிறது. ஒரே மழை, கூடுதல் வெள்ளம். இதை மூன்று குடங்களை வைத்துக்கொண்டு சமையலறை மேசையிலேயே படமெடுத்துவிடலாம்.

ஒரு காணொளியில் மூன்று எண்களுக்கு மேல் நினைவில் நிற்காது. மூன்றைத் தேர்ந்தெடுங்கள். மீதியைக் குறிப்புரையில் கொடுங்கள்.

5. களத்தில்: ‘சொல்லுங்கள்’ என்பதைவிட ‘காட்டுங்கள்’

பேட்டியில் நாம் வழக்கமாகக் கேட்பது, ‘இதைப் பற்றி என்ன நினைக்கிறீங்க?’ அதற்குக் கிடைப்பது கருத்து. கருத்தை வைத்து ஒரு பைட் கிடைக்கும், சங்கிலியின் கண்ணி கிடைக்காது. கேள்வியை மாற்றுங்கள்.

‘ஐயா, தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு காட்டுங்க.’

பெரியவர் எழுந்து போய்ச் சுவரில் கை வைப்பார். ‘இதோ, இந்தக் கோடு தெரியுது பாரு தம்பி, இதுவரைக்கும். முன்னாடியெல்லாம் வாசப்படியோட நின்னுடும். ரெண்டு நாள்ல வடிஞ்சிடும்.’

அவர் கை வைத்த இடத்தை டேப்பால் அளந்து படமெடுங்கள். இப்போது உங்களிடம் இருப்பது சான்று. அதே தெருவில் பத்து வீட்டில் அளந்தால் அது ஒரு வரைபடம்.

முட்டுக்காட்டில் மீனவரிடம் கேட்க வேண்டியது வேறு. ‘அண்ணே, ஓதம் ஏறும்போது தண்ணி எந்தப் பக்கம் ஓடும்?’ அவருக்கு அமாவாசை, பௌர்ணமி ஓதக் கணக்கு மனப்பாடம். அவர் சொல்லும் நேரத்துக்குப் போய்ப் பாலத்தின் மேல் ட்ரைபாடை நிறுத்துங்கள். மிதந்து வரும் ஆகாயத்தாமரையைப் பாருங்கள். ஓதம் இறங்கும்போது எடுத்தது ஒரு ஷாட், ஏறும்போது எடுத்தது ஒரு ஷாட். கேமரா அதே இடம், அதே கோணம். இரண்டையும் ஒட்டினால் ஆறாவது கண்ணியை ஒரு சொல் பேசாமல் விளக்கிவிடலாம்.

இப்படி ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எடுப்பதுதான் சுற்றுச்சூழல் காணொளியின் முதுகெலும்பு. ஒக்கியம் மடுவுப் பாலம், நாராயணபுரம் ஏரிக் கலங்கல், முகத்துவாரம் என்று மூன்று இடங்களைக் குறித்துக்கொண்டு மே, அக்டோபர், டிசம்பர் மாதங்களில் போய் எடுங்கள். நிற்கும் இடத்தை ஒரு கல்லையோ கம்பத்தையோ வைத்து அடையாளம் பண்ணிக்கொள்ளுங்கள். ஓராண்டுப் பொறுமைக்கு ஈடான கிராஃபிக்ஸ் எதுவும் இல்லை.

ட்ரோன் பற்றி. 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி நாட்டின் வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கப்பட்டுள்ளது. பறக்கும் முன் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தென் சென்னையின் பெரும் பகுதி விமான நிலையத்துக்கு அருகே இருப்பதை மறக்காதீர்கள். காப்புக்காட்டின் மேல் பறக்க வனத்துறை அனுமதியும் வேண்டும். அனுமதியே இருந்தாலும் பறவைகள் கூடு கட்டும் காலத்தில் அவற்றின் தலைக்கு மேல் பறக்கவிடாதீர்கள். சதுப்பைக் காக்கச் சொல்லும் காணொளிக்காகச் சதுப்பின் உயிர்களைக் கலைப்பது நியாயமாகாது. அடுக்குமாடியின் மொட்டை மாடியிலிருந்து, குடியிருப்போர் அனுமதியோடு எடுக்கும் ஷாட் பல நேரம் போதும்.

ஒலியைக் கவனியுங்கள். மங்கலான படத்தைப் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், இரைச்சலான குரலைப் பொறுக்க மாட்டார். ஒரு காலர் மைக் வாங்குவதைக் கேமரா மாற்றுவதற்கு முன் செய்யுங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடம் யாரும் பேசாமல் அந்த இடத்தின் ஒலியை மட்டும் பதிவு செய்யுங்கள். எடிட்டிங் மேசையில் அதன் அருமை தெரியும்.

6. எழுதுவது: காதுக்கு எழுதுங்கள்

ஸ்கிரிப்டை இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுங்கள். இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் குரல். இடப்பக்கம் காலியாக இருக்கும் வரிகளைச் சிவப்பில் கோடிடுங்கள். நம் விதியை அங்கே மீறியிருக்கிறீர்கள். நம் எடுத்துக்காட்டின் தொடக்கம் இப்படி அமையலாம்:

காட்சி: வெயில் அடிக்கும் தெரு. நடுவில் தண்ணீர். அதில் ஒரு வேப்பிலை மிதக்கிறது.
குரல்: மழை விட்டு ரெண்டு நாள் ஆச்சு. இந்த இலையைப் பாருங்க. நகரவே இல்ல.

காட்சி: அதே இலை. கேமரா மேலே போகிறது. தெரு, பகுதி, பிறகு வரைபடம்.
குரல்: இந்தத் தண்ணி கடலுக்குப் போகணும். கிழக்கே பார்த்தா கடல் பக்கத்துலதான் இருக்கு. ஆனா தண்ணிக்கு அந்த வழி கிடையாது.

காட்சி: வரைபடத்தில் நீலக்கோடு தெற்கே சுற்றி முட்டுக்காடு வரை நீள்கிறது.
குரல்: அது போக வேண்டிய வழி இது. இந்த வழியில நாமளும் போய்ப் பார்ப்போம்.

முப்பது விநாடிக்குள் கேள்வி வந்துவிட்டது, பயணம் தொடங்கிவிட்டது. ‘வணக்கம், இன்றைய காணொளியில் நாம் காணவிருப்பது’ என்ற முன்னுரைக்கு இடமே இல்லை.

மொழியில் மூன்று கட்டுப்பாடுகள். ஒன்று, ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி. இரண்டு, அரசாணைத் தமிழை வீட்டுத் தமிழாக்குங்கள். ‘நீர்வழித்தடங்களில் ஏற்பட்டுள்ள இடர்ப்பாடுகள்’ என்பது ‘தண்ணி போற வழியில அடைப்பு’. மூன்று, ஊர்ச் சொல்லை மாற்றாதீர்கள். கலங்கல், மதகு, மடுவு, முகத்துவாரம் இவையெல்லாம் துல்லியமான தொழில்நுட்பச் சொற்கள். தெரியாதவருக்கு ஒரு தடவை படம் காட்டி விளக்கினால் போதும். முடித்ததும் வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள்.

வரைபடத்தில் பார்ப்பவர் முதலில் தேடுவது தன் வீட்டை. அதனால் அவருக்குத் தெரிந்த இரண்டு அடையாளங்களை, வேளச்சேரி ரயில் நிலையம், துரைப்பாக்கம் சந்திப்பு என்று, முதலில் காட்டுங்கள். காணொளி முழுவதும் தண்ணீருக்கு ஒரே நிறம், கட்டடத்துக்கு ஒரே நிறம். சிவப்பையும் பச்சையையும் மட்டும் நம்பாதீர்கள். நிறக்குறைபாடு உள்ளவர்களில் பலருக்கு அவை ஒன்றுபோலத் தெரியும். செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய படத்தைச் சான்றாக ஒருபோதும் வைக்காதீர்கள். கற்பனைக் காட்சி தேவைப்பட்டால் அது வரைந்தது என்று பார்த்ததும் தெரியும்படி வரையுங்கள்.

7. கண்ணுக்குத் தெரியாத காரணங்கள்

தண்ணீர் ஓடுவது கண்ணுக்குத் தெரியும். தொழில்நுட்பமும் சமூக வழக்கமும் அப்படியல்ல. அங்கேயும் அதே சங்கிலி முறைதான் உதவும்.

தொழில்நுட்பத்துக்கு ஒரு எடுத்துக்காட்டு யு.பி.ஐ. டீக்கடையில் 15 ரூபாய் அனுப்புகிறோம், சில விநாடியில் கடைக்காரரின் ஒலிப்பெட்டி பேசுகிறது. நடுவில் என்ன நடந்தது? உங்கள் செயலி, உங்கள் வங்கி, தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்தின் இணைப்பு மையம், கடைக்காரரின் வங்கி, அவருடைய பெட்டி. இந்த ஐந்தையும் ஐந்து ஆட்களாக நிறுத்தி, ஒரு சீட்டைக் கைமாற்றச் சொல்லிப் படமெடுங்கள். ‘பணம் போயிடுச்சு, கடைக்காரருக்கு வரல’ என்ற அனுபவம் எந்தக் கை நழுவியதால் நேர்ந்தது என்று அப்போது விளங்கும். பார்ப்பவர் யாரிடம் புகார் செய்ய வேண்டும் என்பதும் அதிலிருந்தே தெரியும். தொழில்நுட்பக் காணொளியில் நாம் தர வேண்டிய முதல் பயன் அதுதான்.

சமூகப் பிரச்சினைக்கு எடுத்துக்காட்டு, கழிவுநீர்த் தொட்டி மரணங்கள். ‘விஷவாயு தாக்கிப் பலி’ என்ற ஒற்றை வரிச் செய்தியில் காரணம் புதைந்துபோகிறது. தொட்டியில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு காற்றைவிடக் கனமானது. தொட்டியின் அடியில் தங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குபவர் மயங்குகிறார். அவரைத் தூக்க இறங்கும் அடுத்தவரும் மயங்குகிறார். ஒரே தொட்டியில் பலர் இறப்பதற்கு இதுதான் காரணம். இதை ஒரு குறுக்குவெட்டு ஓவியமாகக் காட்டலாம்.

ஆனால் சங்கிலி அங்கே முடிந்தால் பாதி உண்மைதான். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் மனிதரைக் கொண்டு மலம் அள்ளுவதைத் தடைசெய்கிறது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் தொட்டிக்குள் இறக்குவதையும் தடைசெய்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. இத்தனைக்கும் பிறகு ஒரு மனிதர் ஏன் இறக்கப்படுகிறார், ஏன் குறிப்பிட்ட சாதிகளைச் சேர்ந்தவர்களே இறக்கப்படுகிறார்கள் என்பது அடுத்த கண்ணி. ஒப்பந்தம் எடுத்தவர் யார், எந்திரம் எங்கே நின்றது, யார் கூப்பிட்டார்கள் என்று பெயரும் தாளும் சேகரிக்க வேண்டும். திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படம் 2017-இல் இந்தக் கேள்விகளைத் தமிழ்நாட்டின் முன் வைத்தது.

இங்கே ஒரு கட்டுப்பாடு: இறந்தவரின் உடலைக் காட்டாதீர்கள். அழும் தாயின் முகத்தை அருகில் போய் எடுக்காதீர்கள். துயரம் நம்மை உலுக்கும், காரணத்தைச் சொல்லாது. மூடி திறந்த தொட்டியும், பூட்டிக் கிடக்கும் உறிஞ்சு லாரியும், கையெழுத்தில்லாத பணி ஆணையும் அதைவிட அழுத்தமாகப் பேசும்.

8. பழியை எங்கே வைக்கிறோம்?

பள்ளிக்கரணைக் காணொளியின் கடைசியில் ஒரு ஆசை எழும்: ஒரே ஒரு வில்லனைக் காட்டிவிட வேண்டும் என்று. எளிதில் கிடைக்கும் வில்லன், சதுப்போரத்தில் ஓலையும் தகரமும் போட்டு வாழும் குடும்பம். அவர்கள் படத்தில் விழுவார்கள், எதிர்த்துப் பேச மாட்டார்கள். ஆனால் அளந்து பாருங்கள். சாலையும் குப்பைக் கிடங்கும் பெரிய வளாகங்களும் எடுத்த பரப்போடு அவர்கள் எடுத்தது ஒப்பாகுமா? அனுமதி தந்த கையெழுத்து யாருடையது? பரப்பளவுக்கேற்பத் திரையில் நேரம் கொடுங்கள். அதுதான் நேர்மை.

யார் மீது குறை சொல்கிறீர்களோ அவர்களுக்குப் பதில் சொல்ல நியாயமான அவகாசம் கொடுங்கள். கேள்விகளை எழுத்தில் அனுப்புங்கள். பதில் வந்தால் அதன் சாரத்தைச் சேருங்கள். வராவிட்டால் வரவில்லை என்று தேதியோடு சொல்லுங்கள். சரியாக நடந்ததையும் சொல்லுங்கள். காப்புக்காடு அறிவிப்பும் ராம்சார் தகுதியும் இந்தச் சதுப்புக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்களால் கிடைத்தவை. எதுவுமே நடக்காது என்ற எண்ணத்தோடு பார்ப்பவரை அனுப்பினால் அவர் அடுத்த முறை பார்க்கவே மாட்டார்.

9. வெளியிடும் முன் ஏழு கேள்விகள்

1. ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தால் சங்கிலி புரிகிறதா?
2. படத்தை மூடிவிட்டுக் கேட்டால் கேள்வியும் பதிலும் புரிகின்றனவா?
3. ஒவ்வொரு எண்ணுக்கும் மூலம், தேதி, எல்லைக்கோடு உள்ளனவா?
4. ஒப்பிட்ட படங்கள் ஒரே பருவத்தவையா?
5. பேசியவர்கள் அனைவரும் எதற்காகப் பேசுகிறோம் என்று தெரிந்தே பேசினார்களா?
6. தம்ப்நெயிலும் தலைப்பும் காணொளியில் இருப்பதைத்தான் சொல்கின்றனவா?
7. தவறு தெரிந்தால் எங்கே, எப்படித் திருத்தம் போடுவோம் என்று முடிவு செய்தாயிற்றா?

பயிற்சி

உங்கள் ஊரில் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் ஒரு தெருவைத் தேர்ந்தெடுங்கள். அந்தத் தண்ணீர் போக வேண்டிய வழியில், சாக்கடையானாலும் ஓடையானாலும், கடைசிவரை நடந்து போங்கள். வாகனத்தில் போகாதீர்கள், பாலத்துக்கு அடியில் இருப்பது வாகனத்திலிருந்து தெரியாது. ஒவ்வொரு நூறு அடிக்கும் ஒரு படம் எடுங்கள். வழி தொலைந்துபோகும் இடத்தில் நின்று, பக்கத்தில் இருக்கும் வயதானவரிடம் கேளுங்கள்: ‘ஐயா, இந்தத் தண்ணி முன்னாடி எங்க போகும்?’

அவர் கை நீட்டும் திசையில் இப்போது என்ன இருக்கிறதோ, அதுதான் உங்கள் முதல் காணொளியின் நடு ஷாட்.